பழைய பாட்டைப் போடு!

எங்கள் போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். மலையில் விளைவதும் ஏலம். விளைந்ததைக் கூவி விற்பதும் ஏலம். இப்போது கூவுவதுகூட இல்லை. ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் அமர்ந்து, விரல் நுனியால் விலையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இரட்டை அர்த்தத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாங்கள் சிரிப்பதில்லை, இரண்டாலும் சோறு தின்கிறவர்கள்.

மூன்றாவது ஏலம் ஒன்று சில வருஷங்களாக நாடெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. அதில் விலைபோகிற சரக்கு நம்முடைய வாலிபம். மூட்டையின் மேல் ‘தொண்ணூறுகளின் பாட்டு’ என்று முத்திரை குத்தியிருக்கும். விற்கிறவனும் நம்மவன்; வாங்குகிறவர்களும் நாமே. அந்த ஏலத்தைப் பற்றி நாலு வார்த்தை கடுமையாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். ஆத்திரப்படுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதையும் இந்தக் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

2025 ஆகஸ்டில் எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சந்திப்பு. நாங்கள் 1997-இல் பிளஸ் டூ முடித்தவர்கள். 2018-இல் ‘96’ என்ற சினிமா வந்தாலும் வந்தது, இப்படியொரு சந்திப்பு நடக்காத கல்யாண மண்டபம் தமிழ்நாட்டிலே இல்லை என்றாகிவிட்டது. அந்தப் படத்துக்கும் எங்களுக்கும் ஓராண்டு தவறிப்போயிற்றே என்று எங்கள் வகுப்பில் சிலருக்கு இன்றைக்கும் வருத்தம். ஏலக்காய் வியாபாரிகள், ஆசிரியர்கள், இரண்டு டாக்டர்கள், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்த ஒருவன், கதை எழுதிப் பிழைக்கிற நான் எல்லோரும் கூடியிருந்தோம். வெளியே சாரல். உள்ளே பிரியாணி. மேடையில் உள்ளூர் இசைக் குழு ஒன்று.

‘ரோஜா’, ‘தளபதி’, ‘தேவர் மகன்’, ‘காதலன்’ என்று பாட்டுக்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது கைதட்டல், பாதியில் பேச்சு, முடியும்போது மறுபடி கைதட்டல். ஒன்பது மணி இருக்கும். கீ-போர்டு வாசித்துக்கொண்டிருந்த பையன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். “இது நானா எழுதி, நானா மெட்டுப் போட்ட பாட்டு. எங்க அம்மா மலைக்குக் காய் எடுக்கப் போறவங்க. விடியக்காலை ஜீப்பைப் பத்தின பாட்டு,” என்று சொல்லித் தொடங்கினான்.

இரண்டு அடி பாடியிருப்பான். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: “தம்பி, பழைய பாட்டைப் போடு!” உடனே இன்னொரு குரல். பிறகு மண்டபமே கத்தியது. பழைய பாட்டைப் போடு! பழைய பாட்டைப் போடு! அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது. யாரும் என்னைத் தூண்டவில்லை. நான் குடித்திருக்கவும் இல்லை. எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்ற எரிச்சலில், கூலி கொடுத்தவனுக்கே உரிய அதிகாரத்தோடு கத்தினேன்.

பையன் ஒரு விநாடி எங்களைப் பார்த்தான். சிரித்தான். குனிந்து, 1994-இல் வந்த ஒரு பாட்டை வாசிக்கத் தொடங்கினான். மண்டபம் குளிர்ந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அவன் என் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “மனசில வச்சுக்காதப்பா” என்றேன். “அதெல்லாம் இல்லண்ணே. பழகிருச்சு. ஒரு ராத்திரிக்கு முப்பது பாட்டுன்னா, முப்பதும் நான் பிறக்கிறதுக்கு முன்னாடி வந்ததுதான்,” என்றான். குற்றம் சாட்டும் தொனியில் சொல்லவில்லை. ‘இன்றைக்குக் காய் என்ன விலை?’ என்று கேட்டால் சொல்லுவார்களே, அப்படிச் சொன்னான். அதுதான் எனக்கு உறைத்தது.

இங்கிலாந்திலிருந்து வந்த நண்பன் அன்று ஒரு விஷயம் சொன்னான். அவனோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்களும் நம் வயதுக்காரர்கள். அவர்களுக்கும் தொண்ணூறுகள்தான் பொற்காலமாம். மான்செஸ்டர் நகரத்து அண்ணன் தம்பி இருவர், காலகர் என்று குடும்பப் பெயர், ‘ஒயாசிஸ்’ என்று ஒரு கிதார்க் குழு வைத்திருந்தார்கள். 1996 ஆகஸ்டில் நெப்வொர்த் என்ற இடத்தில் இரண்டே இரவுகளில் இரண்டரை லட்சம் பேரைக் கூட்டினார்கள். 2009-இல் பாரிஸில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். அண்ணனும் தம்பியும் சேர மாட்டார்களா என்று ஒரு தலைமுறையே பதினைந்து வருஷம் ஏங்கிக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். டிக்கெட் விற்பனை நடந்த நாளில், நின்றபடி பார்க்கும் இடம் முதலில் ஏறத்தாழ 150 பவுண்டு; அது தீர்ந்ததும் அதே தரை, அதே நெரிசல், 350 பவுண்டுக்கு மேல்! காத்துக்கிடந்தவர்களுக்கு இந்த இரண்டு விலை விஷயம் முன்கூட்டித் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று அந்த நாட்டுக் கண்காணிப்பு ஆணையமே குறை சொல்லிற்று. ஆனாலும் வாங்கினார்கள். 2025 ஜூலையில் மான்செஸ்டரின் ஹீட்டன் பூங்காவில் என் நண்பனும் அவர்களோடு நின்றிருக்கிறான். “ஐம்பது வயசு ஆம்பளைங்க தோளில் கை போட்டுக்கிட்டு அழுதாங்கடா,” என்றான்.

“புதுப் பாட்டு ஏதாவது பாடினார்களா?” என்று கேட்டேன்.

என்னை விநோதமாகப் பார்த்தான். “அதுக்கா போனோம்?”

போடியானாலும் மான்செஸ்டரானாலும் ஒரே பதில்தான். எனவே இது தமிழனுடைய வியாதி மட்டும் அல்ல. ஆனால் வியாதி எங்கே பரவியிருந்தாலும் அவரவர் வீட்டு நோயாளிக்கு அவரவர்தானே கஷாயம் காய்ச்ச வேண்டும்?

நம் வீட்டு நோயாளி என்ன சொல்லுகிறார்? “அந்தக் காலத்துப் பாட்டு பாட்டு ஐயா! இன்றைக்கு வருவது வெறும் இரைச்சல்.” இதுதானே வாதம்? இதை ஏலக்காய் ஊர்க்காரன் ஒருவன் சொல்லக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் ஊரில் காய்ந்த காயைச் சல்லடையில் சலிப்பார்கள். எட்டு எம்.எம். துளையில் விழாமல் மேலே நிற்கும் பெரிய காய்க்கு ஒரு விலை. அதற்கு அடுத்ததற்கு ஒரு விலை. கீழே விழுந்த பொடிக்கு வேறு விலை. ஒரு வியாபாரி வந்து, பக்கத்துத் தோட்டத்தின் சலித்த சரக்கையும் உங்கள் தோட்டத்தின் சலிக்காத சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி, “பார், உன் காய் மட்டம்!” என்று சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? அவனைக் கடையை விட்டே இறக்கிவிட மாட்டீர்களா?

பழைய பாட்டு விஷயத்தில் நாம் செய்வது இந்த மோசடிதான். தொண்ணூறுகளில் வருஷா வருஷம் ஏராளமான படங்கள் வந்தன. படத்துக்கு ஐந்தாறு பாட்டு. அந்த ஆயிரமாயிரத்தில் இன்று நமக்கு ஞாபகம் இருப்பவை எத்தனை? காலம் என்கிற சல்லடை முப்பது வருஷமாகச் சலித்து, பொடியைக் கீழே தள்ளி, எட்டு எம்.எம். காயை மட்டும் மேலே நிறுத்தியிருக்கிறது. அதை ஒரு கையிலும், நேற்று வெளியாகி இன்னும் சல்லடையைப் பார்க்காத பாட்டுக்களை மறு கையிலும் வைத்துக்கொண்டு தராசு பிடிக்கிறோம். 1995-இல் வந்த அசட்டுப் பாட்டுக்களை எவனாவது இசைக் குழுவிடம் கேட்கிறானா? கேட்டால் அல்லவா தெரியும், அந்தக் காலத்து இரைச்சல் எப்படி இருந்தது என்று!

அந்தக் காலத்து இரைச்சல் என்றதும் என் தகப்பனார் ஞாபகம் வருகிறது. 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவில் டேப் ரெக்கார்டர் இருந்த வீடுகள் இரண்டே இரண்டு. ஒன்றின் திண்ணையில் நாள் முழுவதும் குந்தியிருந்து ஏ. ஆர். ரஹ்மானைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து முணுமுணுப்பேன். அப்பா விசுவநாதன்-ராமமூர்த்தி பக்தர். “என்னடா இது, தகரத்த உருட்டுன மாதிரி? மெஷின் போடுற சத்தத்துக்குப் பேரு பாட்டா?” என்பார். உள்ளேயிருந்து பாட்டனார் சிரிப்பார். அவர் பாகவதர் கட்சி. அப்பாவின் விசுவநாதன்-ராமமூர்த்தியையே அவர் சங்கீதத்தில் சேர்க்கமாட்டார். “குரலா இருந்துச்சு, வாத்தியமாக்கிப்புட்டாங்க” என்பார். பாட்டனாரின் தகப்பனார் இருந்திருந்தால் கிட்டப்பாவோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அடித்துச் சொல்லியிருப்பார்.

ஆக, எங்கள் வீட்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சங்கீதம் 1933-இலிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தரம் தவறாமல் செத்துக்கொண்டே இருக்கிறது! இவ்வளவு தரம் செத்தும் சாகாத ஒன்றைப் பற்றிச் சவ ஊர்வலம் நடத்துகிறவர்களைக் கண்டால் சந்தேகம் வராதா? ‘அந்தக் காலம் போல வருமா?’ என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், அவர் காலத்தைப் பற்றிப் பேசவில்லை. தம் முழங்காலைப் பற்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மான்செஸ்டர் சகோதரர்களே ஒரு பழங்காலத்தின் பிள்ளைகள்தாம். அறுபதுகளின் பீட்டில்ஸ் குழுவைத் தெய்வமாகக் கும்பிட்டவர்கள். அதை மறைத்ததும் இல்லை. ஆனால் அவர்கள் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கும்பிட்ட கையோடு கிதாரை எடுத்துத் தங்கள் ஊர்ப் பேச்சில், தங்கள் குடியிருப்புச் சந்துகளின் திமிரோடு புதிய பாட்டுக் கட்டினார்கள். அதனால்தான் 1994-இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு புதிதாக இருந்தது. அன்றைக்கு மான்செஸ்டர் ரசிகர்கள், “தம்பி, பீட்டில்ஸ் பாட்டைப் போடு!” என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தால் இன்று 350 பவுண்டு கொடுத்து அழுவதற்கு அவர்களிடம் என்ன இருந்திருக்கும்?

இவ்வளவு தூரம் நான் பேசியது நியாயத்தைப் பற்றி. இனி நான் பேசப்போவது பொய்யைப் பற்றி.

‘அழகான தொண்ணூறுகள்’ என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு படம் வருகிறது. கேசட்டுக்குள் பென்சில் விட்டுச் சுற்றும் படம். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கக் கூடிய கூட்டத்தின் படம். எல்லோரும் ஒன்றாய் இருந்தோம், பணம் இல்லை, மகிழ்ச்சி இருந்தது என்று ஒரு வாசகம். ஐயா, எந்த ஊரில் எல்லோரும் ஒன்றாய் இருந்தோம்? 1989-இல் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் சாதிக் கலவரம் நடந்து உயிர்கள் போயின. 1995 முதல் 1997 வரை தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. நாங்கள் பிளஸ் டூ முடித்த அதே 1997-இல்தான், கலவரம் தாங்காமல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களை எல்லாம் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் ஒரு பெயர் இருந்ததற்காக ஊர் பிளந்த காலம் அது!

எங்கள் பக்கத்துக் கிராமத்து டீக்கடை ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வாசலில் ஆளுயர ஸ்பீக்கர். மதுரை வரை கேட்குமோ என்னும்படி இளையராஜா பாடிக்கொண்டிருப்பார். அதே கடையின் பின்பக்கத்துக் கம்பியில் தனியாகச் சில குவளைகள் தொங்கும். அவை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே ஸ்பீக்கர், இரண்டு விதக் குவளை. அந்தப் பாட்டின் இனிமையில் நான் சொக்கி நின்றது உண்மை. அந்தக் குவளைகளை நான் பார்த்ததும் உண்மை. முன்னதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பின்னதை மறந்துவிட்டேன் என்றால், அதற்கு ரசனை என்று பெயரா? சௌகரியம் என்று பெயர்.

விடியற்காலை ஜீப் விஷயமும் அப்படித்தான். போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு மலைப்பாதை ஏறுகிறது. வளைவுக்கு மேல் வளைவு. மேலே ஏறினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளத்து ஏலத் தோட்டங்கள். விடிவதற்கு முன்பே போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்துப் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புகளில் அடைந்துகொண்டு மலைக்குப் போவார்கள். செடியின் தூரில் குத்துக்காலிட்டுக் குனிந்து, பழுக்கும் பக்குவத்துக் காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். நாற்பது நாற்பத்தைந்து நாளில் அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். மழையும் அட்டையும் கூட வரும். எடுத்த பச்சைக் காயை ஸ்டோரில் போட்டுச் சூட்டில் காய வைத்தால் ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். தொண்ணூறுகளில் அந்த ஜீப்புகளில் கேசட் ஓடிற்று. கேசட்டைத் தேர்ந்தெடுத்தவர் டிரைவர். பின்னால் பதினைந்து பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். அவர்களில் எவளிடமாவது போய், “உனக்கு எந்தப் பாட்டு வேண்டும்?” என்று அந்தப் பத்து வருஷத்தில் யாராவது கேட்டார்களா? நான் கேட்டதில்லை. கதாசிரியன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நானே கேட்டதில்லை.

இப்போது அந்த ஜீப்பில் போன ஒருத்தியின் மகன் மேடையேறி, ஜீப்பைப் பற்றித் தானாக ஒரு பாட்டுக் கட்டிப் பாடுகிறான். முப்பது வருஷமாக நாம் கேட்காத ஒரு பாட்டு முதல் முறையாக நம் காதுக்கு வருகிறது. நாம் என்ன செய்தோம்? “பழைய பாட்டைப் போடு!”

இதனால்தான் இந்தப் பழம்பாட்டு மோகத்தைச் சாதுவான பொழுதுபோக்கு என்று என்னால் விட முடியவில்லை. அது யாருடைய வாயையோ அடைக்கிறது.

வாய் அடைபட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களைத் தேவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பண்ணைப்புரத்துக்குக் கூட்டிப் போகிறேன். தொலைவில்லை, எங்கள் மலையடிவாரத்து ஊர்தான். அங்கே பாவலர் வரதராஜன் என்று ஒருவர் இருந்தார். கம்யூனிஸ்டுக் கட்சிக் கூட்டங்களில் பாடினவர். 1958-இல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. ரோசம்மா புன்னூஸ் கட்சி வேட்பாளர். தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களிடம் பிரசாரத்துக்குப் பாட்டோடு போனார் பாவலர். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுக்களில், அன்றைய கூலியையும் அன்றைய துன்பத்தையும் வார்த்தையாக வைத்துப் பாடினார். அண்ணனோடு மலையேறிப் போன தம்பிக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தத் தம்பிதான் 1976-இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்த இளையராஜா.

மலையில் அன்றைக்குக் கூடின கூலிக்காரர்கள் நம்மைப் போல் ரசிக சிகாமணிகள் அல்லர். வேலை முடிந்து, ஈரச் சேலையும் ஈர வேட்டியுமாக நின்று கேட்டவர்கள். அவர்கள் அந்தப் பாட்டுக்காரர்களைப் பார்த்து, “இதெல்லாம் வேண்டாம், பாகவதர் பாட்டைப் பாடு!” என்று கத்தியிருந்தால்? பத்து ஊரில் அப்படிக் கத்தியிருந்தால்? அண்ணனும் தம்பியும் ஆர்மோனியத்தை மூட்டை கட்டிக்கொண்டு பண்ணைப்புரம் திரும்பியிருப்பார்கள். நம்முடைய ‘பழைய பாட்டு’ பழையதாவதற்கு முதலில் புதிதாக இருந்தது. அதைப் பொறுமையாக நின்று கேட்க அன்றைக்கு யாரோ இருந்தார்கள். அந்த மரியாதையை நாம் வாங்கி அனுபவித்துவிட்டு, அடுத்தவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறோம். கடன் வாங்கித் தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற புத்தி இது.

அந்த இளையராஜா என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று நம் அபிமானிகள் பார்த்தார்களா? 1993-இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார். அது ரசிகர் கைக்கு வராமலே போயிற்று. இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். முப்பது வருஷம் கழித்து மறுபடி எழுதி, 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில், அதே பெயர்கொண்ட குழுவை வைத்து ‘வேலியண்ட்’ என்ற தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 81. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்று ‘எங்க தேனிக்காரர்!’ என்று ஐம்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். அதை ஒரு தரமாவது உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர் என்று சந்திப்பன்று விசாரித்தேன். இரண்டு பேர். அதில் ஒருவர் பாதியில் தூங்கிவிட்டாராம்.

81 வயதுக்காரர் முன்னே போகிறார்; 45 வயதுக்காரர்கள் பின்னே போகிறோம். இதில் யார் கிழவன்?

இதற்கெல்லாம் வியாபாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. பழைய படங்களைத் தூசு தட்டித் திரும்பத் திரையிடுகிறார்கள். தொலைக்காட்சிப் போட்டியில் எட்டு வயதுக் குழந்தைகள் தங்கள் பாட்டி காலத்துக் காதலைப் பாடிப் பரிசு வாங்குகின்றன. 2023 செப்டம்பரில் சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் நடத்திய கச்சேரிக்குப் பெயரே ‘மறக்குமா நெஞ்சம்’! டிக்கெட் வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் ஜனங்கள் நசுங்கித் திரும்பினார்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று. நெஞ்சம் மறக்கவில்லை, சரி. கேட்கிறவன் இருக்கும்வரை வியாபாரி விலை ஏற்றத்தான் செய்வான். ஏலத்தில் விலையை ஏற்றுகிறது விற்பவன் அல்ல, கேட்பவன்தான். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் இது தெரியும்.

உடனே என்மேல் ஒரு குற்றச்சாட்டு வரும்: “அப்படியானால் நீ பழைய பாட்டுக்கு விரோதியா?” இல்லை, ஐயா, இல்லை. இதை எழுதும்போதே பக்கத்து அறையில் 1991-ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தப் போவதும் இல்லை. பழைய பாட்டைக் கேட்பது பாவம் அல்ல. அதைத் தடியாக எடுத்துப் புதியவனை அடிப்பது பாவம். 1991-இல் வந்த ‘குணா’வின் பாட்டை 2024-இல் மலையாளத்து இளைஞர்கள் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் எடுத்து ஆண்டார்கள் அல்லவா? கொடைக்கானல் குகைக்குள் விழுந்த சிநேகிதனை மீட்கிற கதைக்கு அதைப் பொருத்தினார்கள். காதல் பாட்டாக நமக்குப் பழகிப்போன ஒன்று சிநேகத்தின் பாட்டாக மாறிற்று. ‘குணா’ வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் தியேட்டரில் எழுந்து நின்று கைதட்டினார்கள். பழையதை மதிப்பது என்றால் அதுதான்: புது வேலைக்கு அதைக் கருவியாக்குவது. பாவலர் வரதராஜன் தேவிகுளத்தில் தெரிந்த மெட்டை வைத்துச் செய்ததும் அதுவேதான்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். போடிக்கு வந்துகொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. அந்தச் சின்ன ரயிலைப் பற்றி எங்கள் ஊரில் எவரைக் கேட்டாலும் உருகுவார்கள். நானே இரண்டு கதைகளில் உருகியிருக்கிறேன். ஆனால் அகலப் பாதை வர வேண்டும் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மனுப் போட்டுக்கொண்டிருந்ததும் அதே ஜனங்கள்தாம். 2023 ஜூன் 15-ஆம் தேதி புதிய ரயில் போடிக்குள் வந்தபோது, “பழைய ரயிலைக் கொண்டு வா!” என்று ஒருவரும் தண்டவாளத்தில் படுக்கவில்லை. மாலை போட்டு வரவேற்றார்கள். பிரயாணம் என்றால் புதியது வேண்டும். பாட்டு என்றால் மட்டும் புதியது வரக்கூடாதா? ரயிலில் நாம் எங்கேயோ போய்ச் சேர வேண்டியிருக்கிறது. பாட்டில் நமக்குப் போக வேண்டிய இடமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம் போலிருக்கிறது.

சந்திப்புக்கு மறுவாரம் அந்தப் பையனின் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, மன்னிப்பு மலிவான சரக்கு. “அந்தப் பாட்டை அனுப்பு” என்றேன். செல்போனிலே பதிவு செய்து வைத்திருந்ததை அனுப்பினான். கேட்டேன்.

அபாரமான பாட்டு என்று எழுதிக் கட்டுரையை அழகாக முடித்துவிடலாம். அது இன்னொரு பொய்யாகிவிடும். பல்லவி சுமார். இரண்டாவது சரணம் தளர்ந்து கிடக்கிறது. மெட்டில் ஓரிடம் நமக்கு மிகவும் தெரிந்த சினிமாப் பாட்டை ஒட்டிப் போகிறது. முப்பது முப்பதாக அதையே வாசித்த கைக்கு வேறு என்ன வரும்? ஆனால் நடுவிலே ஓரிடம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஜீப் திணறி, கியர் மாறி, மறுபடி மூச்சுப் பிடித்து ஏறுமே, அந்தத் தாளத்தை அப்படியே பிடித்திருக்கிறான். தாளம் ஒரு கணம் நின்று, சறுக்கி, பிறகு ஏறுகிறது. போடிமெட்டு ஏறின எவனுக்கும் அந்த இடத்தில் வயிறு ஒரு தரம் புரளும். அது ‘ரோஜா’வில் இல்லை; ‘தளபதி’யில் இல்லை; பாகவதரிடம் இல்லை. அவனிடம்தான் இருக்கிறது. நாற்பது பாட்டுப் போட்டால் நாற்பத்தோராவது பாட்டில் அந்த இடம் முழுப் பாட்டாக விரியலாம், விரியாமலும் போகலாம். நாற்பதைப் பாட விட்டால் அல்லவா தெரியும்?

2027-இல் எங்கள் வகுப்புக்கு முப்பதாவது வருஷம். பெரிதாகக் கொண்டாடுவதென்று இப்போதே வசூல் தொடங்கிவிட்டார்கள். இசைக் குழுவுக்கு முன்பணம் கொடுக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். முப்பது பாட்டில் இருபத்தேழு பழையது, மூன்று அவனுடையது என்று பேசி முடித்தாயிற்று. என் வகுப்புத் தோழர்களுக்கும், ஊர் ஊராக மண்டபம் பிடித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த மூன்று பாட்டு உங்களுக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து போய்க் காபி குடியுங்கள். பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம். காபி ஆறுவதற்குள் உங்கள் ‘ரோஜா’ திரும்ப வந்துவிடும்.

ஆனால் கத்தாதீர்கள்.